வாலைத் தூக்கும் திட்டம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. நேரமில்லை என்று புளுக மாட்டேன். எழுதக் கை வரவில்லை. அப்பாவுக்கு இருமல் தணிந்ததா? அத்தான் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருக்கிறாரா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வேலை நிரந்தரமாகவில்லை. அதனால் அதோடு தருவதாக இருந்த தரைத்தள வீடும் கிடையாது. வீடு கிடைத்ததும் படுத்த படுக்கையாய் இருக்கும் அப்பாவை அழைத்துக்கொள்கிறேன் என்று மூன்று வருஷமாக உன்னிடம் அளந்தது எனக்கு மறக்கவில்லை.

காரணம் நானேதான். பூங்காக் குளத்தருகே நிற்கும் பெரிய டைனோசர் சிலை, நூறு வருஷத்துக்கு முன் கிடைத்த நாலைந்து எலும்பை வைத்து ஊகித்துச் செங்கல்லும் சிமெண்டுமாகக் கட்டியது. வால் தரையில் கிடக்கிறது. நிஜ விலங்கு வாலைத் தூக்கிக்கொண்டுதான் நடந்தது. பூங்கா எஞ்சினியர் என்றாலும் ஞாயிறுதோறும் கூட்டத்துக்கு இதை விளக்குவதும் என் வேலைதான். தப்புன்னு தெரிஞ்சும் ஏன் சார் வச்சிருக்கீங்க என்று யாராவது கேட்பார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், வாலை வெட்டித் தூக்கி வைக்கலாம் என்று நானே திட்டம் போட்டுக் கொடுத்தேன். கால்களை வெளியிலிருந்து தட்டிப் பார்த்ததோடு சரி. பூங்கா இயக்குநர் குளிர்ந்துபோனார். திறப்புவிழா முடிந்ததும் நிரந்தர ஆணை என்றார். அழைப்பிதழும் அடித்தாயிற்று.

போன ஞாயிறு கூட்டத்தில் ஒரு தையல்கார அம்மா, வாலைத் தூக்கிட்டா பின்பாரத்தை எது தம்பி தாங்கும் என்று கேட்டார். அதெல்லாம் எஞ்சினியர் பாத்துக்குவார் என்றேன். அந்த எஞ்சினியர் நான்தான் என்று சொல்லவில்லை.

மறுநாள் சிலையின் வயிற்றுக் கதவைத் திறந்து உள்ளே தவழ்ந்தேன். பின்கால் கம்பிகள் தொட்டால் உதிர்கின்றன. பாரம் முழுக்க வாலில்தான் இறங்குகிறது. வெட்டினால் வேடிக்கை பார்க்கிற ஜனத்தின் மேலேயே உட்கார்ந்துவிடும்.

திட்டத்தை வாபஸ் வாங்கினேன். வேற ஆள் கையெழுத்துப் போடுவான், அப்புறம் நீ எதுக்கு என்றார் இயக்குநர். யாரும் போட்டுவிடக் கூடாதென்று, உள்ளே பார்த்ததை அறிக்கையாக எழுதி நகராட்சிக்கும் அனுப்பிவிட்டேன். இப்போது ஆபீஸில் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒப்பந்தம் இன்னும் ஆறு மாசம்.

அசதியாக இருக்கிறது. அப்பாவை ஒற்றை ஆளாய்ப் பார்த்துக்கொள்ளும் உன்னிடம் அதைச் சொல்ல எனக்கு வாயில்லை என்பதும் தெரியும்.

வீட்டுக்காகக் காத்திருந்தது போதும். அப்பாவை நான் இருக்கும் இந்த மாடி அறைக்கே கொண்டு வா. இருபத்திரண்டு படி, மூன்றடி அகலம், ஒரே திருப்பம். அளந்துவிட்டேன். நாற்காலியோடு தூக்கிவிடலாம். பூங்காக் காவலாளி ஒரு பக்கம் பிடிக்கிறேன் என்கிறார். உங்கப்பாவுக்கு வால் ஒண்ணும் இல்லையே சார் என்று கேலி வேறு. பகலில் கீழ்வீட்டு நர்ஸம்மா பார்த்துக்கொள்வார்.

எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, எந்தப் பக்கம் வலிக்கும் என்று அப்பா சொல்லமாட்டார். நீ எழுது. வேண்டாம் என்று மட்டும் எழுதிவிடாதே அக்கா.

உன் தம்பி