தேனீக்களுக்குச் சொன்ன சாவுச் செய்தி

அன்பு மகள் ஓட்டிலியாவுக்கு அம்மா எழுதுவது. நார்வேக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க ஆண்டவர் துணை. இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் உன் அப்பா உயிரோடுதான் இருக்கிறார், ஊரிலிருந்து யாராவது வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் நம்பாதே.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அவருக்கு நெஞ்சை அடைத்தது, ஆம்புலன்ஸ் வருவதற்குள் பாதிரியார் வந்து சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயைப் பூசிவிட்டார், நானும் கூடவே வண்டியில் ஏறிப் போய்விட்டேன். பக்கத்து வீட்டுக் கிளெமென்ஸ் பார்த்தது அவ்வளவுதான். பாதிரியார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனாராம், அவனுக்கு அது போதாதா. கடிகாரத்தை நிறுத்தி, கண்ணாடியைத் துணி போட்டு மூடி, தொழுவத்தில் பசுக்களிடம் சொல்லி, அப்புறம் தோட்டத்துக்குப் போய் ஒவ்வொரு தேன்பெட்டியையும் தட்டி, எஜமான் போய்விட்டார் என்று நம் ஊர்ப் பேச்சான கஷூபியனில் முறைப்படி சொல்லிவிட்டான். சொல்லாவிட்டால் தேனீக்களும் அவர் பின்னாலேயே போய்விடும் என்று பயம், அவனைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. மறுநாள் சாயங்காலம் நான் பஸ்ஸில் திரும்பி வந்தால் என் கூடத்தில் பாட்டுக்காரப் பெண்கள் சாவுப் பாட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து என் வீட்டுக் காப்பியையே குடித்துக்கொண்டு, சவப்பெட்டி எப்போது வரும் என்று என்னிடமே கேட்கிறார்கள். அவர் ஆஸ்பத்திரியில் உப்பில்லாத சூப்பைத் திட்டிக்கொண்டிருக்கிறார் என்றேன். ஒருத்திக்கு முகம் சுண்டிப்போயிற்று. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலும் அவரோடு வம்புதான். சின்ன வயது டாக்டரம்மா போலிஷ் மொழியில் கேட்டதற்கெல்லாம் இவர் கஷூபியனிலேயே பதில் சொல்லியிருக்கிறார். உங்களுக்குப் போலிஷ் தெரியாதா தாத்தா என்று கேட்டாளாம். "தெரியும்மா. உடம்பு நல்லா இருந்தா பேசுவேன்" என்றாராம். இவர் வீட்டுக்கு வந்ததும் கிளெமென்ஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, மூக்குப்பொடி வைக்கும் கொம்பை நீட்டினான். என்னைக் கொன்றுவிட்டு எனக்கே பொடி நீட்டுகிறான் பார் என்று இவர் முணுமுணுத்தார், ஆனாலும் நீட்டிய பொடியை மறுப்பது நம்மில் உண்டா, எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் தும்மினார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை மகளே. பழைய எஜமான் போனதைச் சொன்னால் புதிய எஜமான் பெயரையும் சொல்ல வேண்டும் அல்லவா, கிளெமென்ஸ் உன் பெயரைச் சொல்லியிருக்கிறான். அது தெரிந்ததிலிருந்து உன் அப்பா தோட்டத்துப் பக்கம் கால் வைக்கவில்லை. குளிருக்கு முன்னால் பெட்டிகளுக்குச் சர்க்கரைப் பாகு வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பனிக்காலத்தில் ஒரு தேனீயும் பிழைக்காது, இது அவருக்குத் தெரியாததா. கிளெமென்ஸ் தானே வைப்பதாகச் சொன்னான், தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். நானும் கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அதுங்களுக்கு ஓட்டிலியான்னு பேரு சொல்லியாச்சு. அவ வந்து ஏத்துக்கட்டும், இல்ல வேண்டாம்னு சொல்லட்டும். நான் போய் நின்னு அதுங்கள ஏமாத்த மாட்டேன்."

வெறும் பிடிவாதம் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. தனக்குப் பிறகு இந்த வீட்டில் யார் என்று உன்னிடம் நேராகக் கேட்க வாய் வராத மனிதர், தேனீக்களைச் சாக்கு வைத்துக் கேட்கிறார். கிளெமென்ஸ் தெரியாமல் சொன்னதை இவர் தெரிந்தே பிடித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அலுத்துவிட்டது ஓட்டிலியா. உன்னை வா என்று கூப்பிடவில்லை, உன் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அங்கே, பிழைப்பு அங்கே, எனக்குப் புரியாமலில்லை. அடுத்த கோடையில் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லாதே, அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவர் இப்படி ஆனார். வருவாய் என்றால் வருவேன் என்று சொல். இல்லை என்றால் இல்லை என்று சொல், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி, பிள்ளைகள் நெற்றியில் எனக்காகச் சிலுவை போடு. காய்ந்த காளான் ஒரு பொட்டலம் நார்வேக்கு வரும் வேன்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், ஈரம் படாமல் வை. ஒன்று மட்டும் மறக்காதே, முதல் உறைபனி விழுவதற்குள் போன் பண்ணு. உன் பதில் வரமாட்டேன் என்பதானால், தேனீக்களிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்வேன், கொட்டினால் கொட்டட்டும். உன் அப்பாவிடம் நீதான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா கெர்த்ரூதா