சித்தப்பா வெப்சைட்டில் சுற்றிய நம் வீடு

சுருளிப்பட்டி
புதன்கிழமை

அன்பு மகள் கயலுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, எனக்குக் கோபம் இறங்கவில்லை, மற்றபடி இருவரும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். தோட்டத்தில் கொடி வெட்டும் கவாத்து முடிந்து பன்னீர் திராட்சை துளிர்த்துவிட்டது, மழைதான் தினம் சாயங்காலம் வந்து அடித்த மருந்தையெல்லாம் கழுவிவிட்டுப் போகிறது. டப்ளினுக்கு வரும் ஜெஸ்லினிடம் மிளகாய்ப் பொடியோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிடுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழுகிறாய், ‘விடும்மா, சித்தப்பாதானே’ என்கிறாய். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் முழுவதையும் வாசி.

போன சித்திரையில் நீ வந்திருந்தபோது, தோட்டத்து வீட்டை விருந்தாளிகளுக்கு விடலாம் என்று வெப்சைட் போட்டுக் கொடுத்தாய். வாசலிலும் அறையிலும் குளியலறையிலும் பந்தலுக்கு அடியிலும் அந்த இரண்டு கண் கேமராவை நிறுத்தி, விரலால் தள்ளினால் வீடே சுற்றுகிற படம் எடுத்தாய். படங்கள் வெப்சைட்டுக்குள் இல்லையம்மா, வேறு இடத்தில் நம் கணக்கில் இருக்கின்றன, வெப்சைட்டில் ஒட்டியிருக்கிற நாலு வரி கோடிங் வெறும் ஜன்னல்தான் என்று சொல்லித் தந்தாய், நானும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அன்றைக்குக் கம்பத்திலிருந்து வந்திருந்த உன் சித்தப்பா முத்துக்குமரன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, ‘எட்டாப்பு படிச்ச மதினிக்கு இதெல்லாம் எதுக்கு, லாட்ஜு நடத்துற எனக்கே இந்தக் கூத்து இல்ல’ என்று சிரித்தார். உன் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை.

ஆவணியில் ஒரு காலை வாசலில் ஆட்டோ நின்றது. இறங்கிய பெண் கோயம்புத்தூர்க்காரி, பெயர் விஜி. வந்ததும் வராததுமாக என் முகத்துக்கு நேரே போனை நீட்டி, நீங்களெல்லாம் மனுசர்தானா என்று கேட்டாள். போனில் நம் வீடு சுற்றுகிறது, பந்தலுக்கடியில் நீலச் சேலையில் நான் மிளகாய் காயப்போட்டுக்கொண்டு நிற்கிறேன், மேலே பெரிய எழுத்தில் உன் சித்தப்பாவின் லாட்ஜ் பெயர் இருக்கிறது. ஆட்டோக்காரர் படத்தைப் பார்த்து, ‘இது சுருளிப்பட்டி அக்கம்மா வீடுல்ல’ என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார். விஜியின் அப்பா சங்கரலிங்கம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு பக்கம் கை கால் விழுந்து சக்கர நாற்காலியில் இருப்பவர். கொடியில் திராட்சை தொங்குவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். அந்தப் பெண் படத்தைச் சுற்றிச் சுற்றி, வாசலில் படி இல்லை, குளியலறை வரைக்கும் தரை ஒரே மட்டம் என்று பார்த்த பிறகுதான் அறை பிடித்திருக்கிறாள். வந்து இறங்கினால், ‘அந்த வீடு ரிப்பேருல இருக்கு, இங்கனயே தங்கிக்கங்க’ என்று சொல்லி, இரண்டு ஆட்களை வைத்து அவரை லாட்ஜின் இரண்டாம் மாடிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். மறுநாள் காலை குளியலறைப் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

நானும் விஜியோடு தேனி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த மனிதர் வலியில் வெற்றிலை போல வதங்கிக் கிடந்தார், கயல். என்னைப் பார்த்ததும், ‘புள்ளையத் திட்டாதீங்கம்மா, திராச்சையப் பாக்கோணும்னு நாந்தான் கேட்டனுங்க’ என்றார். என் பெயரையும் என் வீட்டையும் நம்பி வந்தவர். அங்கிருந்து நேரே கம்பம் போய் உன் சித்தப்பாவைக் கேட்டேன். பல் குத்திக்கொண்டே, ‘படந்தான மதினி, அதுக்கு என்ன பட்டாவா இருக்கு? இங்கன எல்லாருந்தான் போடுறாக. பெருசு வழுக்கி விழுந்ததுக்கு நான் என்ன செய்ய’ என்றார். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னால், அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, ‘அவன் என் தம்பி, அக்கம்மா’ என்கிறார். அந்தப் பெரியவரும் யாருக்கோ அண்ணன்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அன்றிலிருந்து பத்து நாள் எனக்கு உறக்கமும் இல்லை, சோறும் செல்லவில்லை.

கவாத்து வெட்டியதும், பந்தல் படத்தை மாற்று, பழையது கிடந்தால் விருந்தாளிகள் ஏமாந்து போவார்கள் என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா. அதன்படி புதிதாக ஒரு படம் எடுத்து நம் கணக்கில் பழையதை எடுத்துவிட்டு இதைப் போட்டேன். ஏதோ தோன்றி அவர் வெப்சைட்டைத் திறந்தால் அங்கேயும் மொட்டைப் பந்தல். அப்போதுதான் புரிந்தது, அவர் படத்தைத் திருடவில்லை, அந்த நாலு வரி கோடிங்கை, நம் ஜன்னலையே, பெயர்த்துக்கொண்டு போய்த் தன் சுவரில் வைத்திருக்கிறார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் எதை வைத்தாலும் அங்கே தெரியும். அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், ஆத்தா. அவ்வளவு சிரிப்பு எனக்கு வந்து வருசக்கணக்காகிறது.

மறுநாள் நீ விட்டுப்போன கேமராவைப் பைக்குள் போட்டுக்கொண்டு கம்பம் போய், அதே லாட்ஜில் என் பெயரைச் சொல்லி, என் ஆதார் கார்டைக் காட்டி, இரண்டாம் மாடியில் அந்தப் பெரியவர் தங்கிய அறையையே கேட்டு வாங்கினேன். புதிதாக வந்த மலையாளி ஆள் ‘வரூ சேச்சி’ என்று சாவியைக் கொடுத்தான். அறையில் ஸ்டாண்டை நிறுத்திவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு படம் எடுத்தேன். ஊறிப்போன கூரை, ஜெனரேட்டரைப் பார்த்த ஜன்னல், கரப்பான் ஓடும் மெத்தை, பாசி பிடித்த குளியலறை, முழங்கால் உயரத்துக்கு அந்தப் படி. மாடிப்படியையும் எடுத்தேன். ஏழு படம், ஒன்றில்கூடப் பொய் கிடையாது. நம் வெப்சைட்டுக்குத் தனியாகப் புதுச் சுற்றுப்படம் செய்து ஒட்டினேன், கணக்கில் இருந்த பழைய படங்களின் இடத்தில் இந்த ஏழையும் வைத்தேன். ‘எங்கள் இல்லத்துக்குள் வந்து பாருங்கள்’ என்று அவர் எழுதி வைத்திருந்த வரிக்குக் கீழே அவருடைய குளியலறையே மெல்லச் சுற்றியது.

ஒரு வாரத்தில் ஊரே பார்த்துவிட்டது. கேரளத்திலிருந்து வரும் கூட்டம் அறையை ரத்து செய்துகொண்டே இருந்திருக்கிறது. அவருக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்த ஆள் பாஸ்வேர்டோடு துபாய் போய்விட்டானாம், அவரால் படத்தை நீக்கவும் முடியவில்லை. முதலில் வந்து கத்தினார், போலீசுக்குப் போவேன் என்றார். போங்க, எந்த வீட்டுப் படத்தக் காணோம்னு எழுதிக் குடுப்பீக என்று கேட்டேன். இரண்டாம் முறை வந்தபோது குரல் இறங்கிவிட்டது, ‘மதினி, குடும்ப மானம் போகுது, நான் என்ன செய்யணும் சொல்லுங்க’ என்றார். கோயம்புத்தூர் போய் அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேளுங்கள், விஜி எனக்குப் போன் செய்து சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு எடுக்கிறேன் என்றேன். ‘அந்தாளு கால்ல நான் விழணுமா’ என்று எழுந்து போனவர், பதினோரு நாள் கழித்துப் பஸ் ஏறினார். அந்தப் பதினோரு நாளும் நீயும் உன் அப்பாவும் மாறி மாறிக் கெஞ்சினீர்கள், நான் அசையவில்லை.

விஜி போன் செய்தாள். உன் சித்தப்பா வாசலிலேயே ரொம்ப நேரம் நின்றாராம். பெரியவர் திட்டவில்லை, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்க வைத்துவிட்டு, ‘என்னையப் பாத்ரூம் வரைக்கும் தூக்கீட்டுப் போங்க’ என்று மட்டும் கேட்டிருக்கிறார். உன் சித்தப்பா தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். வலி தாங்காமல் பெரியவர் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அலறினாராம். இருக்க வைத்து, கழுவிவிட்டு, திரும்பத் தூக்கி வந்து கட்டிலில் கிடத்தியபோது உன் சித்தப்பா சட்டை முழுக்க நனைந்திருந்ததாம். பெரியவரைக் கும்பிட்டுவிட்டு வந்தாராம்.

சொன்ன சொல்படி அன்றைக்கே படங்களை எடுத்துவிட்டேன். இப்போது அங்கே வெறும் கறுப்புப் பெட்டிதான் தெரிகிறது. மனசு ஆறியதா என்று கேட்காதே. அவர் தூக்கியது ஒரு தடவை, விஜி தினம் தூக்குகிறாள். நேற்று கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் அவர் ஒதுங்கிப் போனார், எனக்கு இனித்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்த ஏழு படங்களும் பென்டிரைவில் பத்திரமாக இருக்கின்றன, உன் அப்பாவுக்குத் தெரியாது.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், யாரிடமும் தலை குனியாமல், நீண்ட காலம் நிறைவாக வாழச் சுருளி வேலப்பர் துணையிருக்கட்டும். நம் படங்கள் நம் வெப்சைட்டில் மட்டும் தெரிகிற மாதிரி ஏதோ பூட்டு இருக்கிறது என்றாயே, ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய்து அதை எப்படிப் போடுவது என்று சொல். நோட்டோடு காத்திருப்பேன்.

உன் அம்மா,
ரா. அக்கம்மாள்