ஏலாவை ஏலக்காய் ஆக்கியவர்

ஒரு சொல்லுக்காக ஊர் ஊராக நடந்த என் ஆசை அண்ணனுக்கு,

அங்கே சுகம்தானா? மதினி இப்போதுதான் கொஞ்சம் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள். கடைத்தெருவில் நம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகும் பேச்சுதான்.

உங்கள் கட்டுரை அச்சில் வந்துவிட்டது அண்ணே. உங்கள் பெயரில் இல்லை. நம் பக்கத்து ஊர்ப்பெயர்களைப் பற்றி எழுதி நாகர்கோவில் ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பிவிட்டு, பதில் வராமலே கண்ணை மூடினீர்களே, அதேதான். போட்டிருப்பது ஒரு பேராசிரியரின் பெயர். பட்டம் மட்டும் அரை வரிக்கு நீள்கிறது.

திருட்டு தெரியாமலிருக்க மகானுபாவர் சொற்களை மாற்றியிருக்கிறார். கிழக்கேயிருந்து வந்தவர். வயல்வெளியை நாம் ஏலா என்போம், அது அவருக்கு எங்கே தெரியும்? ‘இரணியல் ஏலா’ என்று நீங்கள் எழுதியதை ‘இரணியலின் ஏலக்காய்த் தோட்டங்கள்’ ஆக்கிவிட்டார்! ஒரு நாள் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூட உடம்பு வணங்கவில்லை. அந்த வெயிலெல்லாம் உங்கள் தலையில்தானே விழுந்தது?

இதழாசிரியரிடம் போனேன். அவர் இரணியல்காரர்.

“ஒரே விசயத்தெ ரெண்டுபேரு எழுதப்பிடாதா டீச்சர்?”

“எழுதலாம் சார். ஒங்க ஊருல ஏலக்கா எந்தப் பக்கம் காய்க்கி?” என்று பக்கத்தை விரித்துக் காட்டினேன்.

படித்தவர் சிரித்துவிட்டார். பிறகு முகம் கறுத்தது. அச்சேறும் முன் இவரும் படிக்கவில்லை, பட்டத்தை மட்டும் படித்திருக்கிறார். உங்கள் கட்டுரையைச் சரிபார்க்கச் சொல்லி அந்தப் பேராசிரியரிடம் கொடுத்தது அப்போதுதான் ஞாபகம் வந்ததாம். நன்றாகத்தான் சரிபார்த்திருக்கிறார். உங்கள் பெயர்தான் பெரிய பிழையாகப் பட்டிருக்கிறது.

“அடுத்த இதழ்ல ரெண்டுபேரு பேரும் போட்டிருவோம். உயிரோட இருக்கப்பட்டவருக்க மனசு நோவப்பிடாது பாத்தியளா. செத்தவருக்குப் பேரு எதுக்கு?”

“செத்தவருக்கு இனி வேற என்ன சார் இருக்கு?” என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு திருத்தக் குறிப்பு ஒன்று எழுதினார். ‘கவனக்குறைவால் நேர்ந்த பிழை’ என்றிருந்தது. அதை அடித்துவிட்டு ‘களவு’ என்று எழுதச் சொன்னேன். யோசிக்க வேண்டுமாம்.

யோசிக்கட்டும். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மறுபடியும் போவேன். ‘களவு’ என்ற சொல்லும், கட்டுரையின் மேல் உங்கள் ஒருவர் பெயரும் அச்சாகும்வரை அவர் எதிரே உட்கார்ந்திருப்பேன். இது சத்தியம்.

உங்களுக்காக யாரிடமும் வாயாடும்
உங்கள் தங்கச்சி