கார்பன் நகலில் இருந்த கையெழுத்து

3 ஆகஸ்ட் 1999, பாறசாலை

பத்திரிகையில் இன்றும் வரவில்லை. நெய்யாற்றில் மணல் அள்ளப்போய்க் குழியில் புதைந்து செத்த மோகனனைப் பற்றி என் வீட்டுக்காரர் எழுதிய செய்தி. பஸ்ஸில் கவர் கொடுத்தனுப்பி நான்கு நாளாகிறது. அந்த மணல் கான்ட்ராக்டர் பத்திரிகைக்கு விளம்பரம் கொடுக்கிறவர்.

"எழுதுனது நிருபர் சத்தியதாஸ். வெட்டுனது விளம்பரமாக்கும்" என்று சிரித்தார் இவர். சிரிப்பா அது?

5 ஆகஸ்ட்

செய்துவிட்டேன். நான் பாடமெடுக்கும் கம்ப்யூட்டர் சென்டரில், இவர் கையால் எழுதிய கார்பன் நகலை ஸ்கேன் செய்து, இன்டர்நெட்டில் இலவசமாக ஒரு பக்கம் திறந்து ஏற்றினேன். தமிழ் எழுத்துரு எல்லாரிடமும் இருக்காது. படமென்றால் யாரும் படிக்கலாம். பெயர் போடவில்லை. இவரிடம் சொல்லவுமில்லை.

9 ஆகஸ்ட்

நாற்பத்தொரு பேர் பார்த்திருக்கிறார்கள். துபாயிலிருந்துகூட ஒரு ஈமெயில்.

12 ஆகஸ்ட்

மடச்சி நான்! பெயரை மறைத்தேன், கையெழுத்தை மறைத்தேனா? எட்டு வருடமாக அதைப் படிக்கிற பத்திரிகை ஆசிரியருக்குத் தெரியாதா?

"இது ஒனக்க எழுத்துதானேன்னு போனில கேக்காரு. நான் போடலேன்னு சத்தியம் பண்ணினேன்" என்றார் இவர். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். கர்த்தாவே.

13 ஆகஸ்ட்

சென்டர் வாசலில் பைக்கில் இரண்டு பேர், கான்ட்ராக்டரின் மணல் லாரியில் பார்த்த முகங்கள். "டீச்சரே, சாருக்கு சுகந்தானா?" அவ்வளவுதான் கேட்டார்கள். அதற்கப்புறம் வகுப்பைப் பாதியிலேயே முடித்துவிட்டேன்.

14 ஆகஸ்ட்

பைக்காரர்கள் வந்ததையும் சேர்த்து இவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே, லிஜா."

"கேட்டா விடுவீங்களா?"

எழுந்து போனார். கதவுக்கு இரண்டு தாழ்ப்பாளும் போட்டார். திட்டியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

20 ஆகஸ்ட்

மோகனன் செய்தி முதல் பக்கத்தில்! 'இன்டர்நெட்டில் வெளியான தகவல்' என்று போட்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பதெல்லாம் இவருடைய வரிகள், கான்ட்ராக்டர் பெயர் மட்டும் இல்லை. இவரை வேலையிலிருந்து நிறுத்திய கடிதமும் இன்றைய தபாலில்தான் வந்தது.

27 ஆகஸ்ட்

காலையில் அதே பைக் நம் தெருவில் இரண்டு தடவை போனது. இவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தார். பத்திரிகைக்கு எழுதுவதுபோலவே, திருத்துவதற்காக இடப்பக்கம் மார்ஜின் விட்டு.

"இனி யாருக்கு இந்த இடம்?"

"தப்பிருந்தா யாராவது வெட்டண்டாமா?" என்று சிவப்புப் பேனாவை என்னிடம் தள்ளினார்.

படித்தேன், மோகனன் செய்தியேதான். ஒரு தேதி தப்பு, திருத்தினேன். கான்ட்ராக்டர் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. கடைசியில், வழக்கத்துக்கு மாறாக, தன் பெயரையும் ஊரையும் முழுதாக எழுதியிருந்தார்.

இவர் பெயரை அடித்துவிடலாமா என்று பேனாவைப் பிடித்தபடி ரொம்ப நேரம் இருந்தேன்.

அடிக்கவில்லை. நாளை இன்டர்நெட்டில் ஏற்ற வேண்டும்.