வட்டத்தின் நடுவில் நிற்பவனுக்கு

இன்று காலை க்யிம்யிண்டைங் சந்தைக்கு மீன் வாங்கப் போனவன் மீன் வாங்காமலே திரும்பிவிட்டேன். படகுத்துறைக்கு இறங்கும் வழியில், புதிதாகப் பின்னிய பிரம்புப் பந்துகளைக் கொத்தாகக் கோத்துத் தொங்கவிட்டிருந்தான் ஒருவன். இரவு பெய்த மழையில் எல்லாம் நனைந்திருந்தன. நனைந்த பிரம்பின் வாசனை உனக்குத் தெரியும். அது மூக்கில் ஏறியதும் உன் வலது கால்தான் முதலில் நினைவுக்கு வந்தது. முகம் பிறகுதான் வந்தது. கோபித்துக்கொள்ளாதே.

எனக்கு எழுத்து தெரியாது என்பது நீ அறிந்ததே. நான் சொல்கிறேன், சாமுவேல் எழுதுகிறான். அவனைப் பற்றிச் சொல்லும் இடங்களை எழுதாமல் விட்டுவிடுவானோ என்று கேட்டேன். "கைதான் என்னது, வாய் உன்னது. சொல்லு" என்கிறான்.

சரக்குக் கிடங்குக்குப் பின்னால் இருந்த அந்தக் காலியிடத்தில் இப்போது கட்டடம் எழும்பிவிட்டது. அங்கேதான் வேலை முடிந்ததும் லோன்ஜிக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சின்லோன் ஆடுவோம். எதிரி இல்லாத ஆட்டம். ஐந்து பேர் வட்டமாக நடந்துகொண்டே இருப்போம், நடுவில் ஒருவன். காலால் தட்டும் பிரம்புப் பந்து தரையில் விழக்கூடாது, அவ்வளவுதான். நடுவில் எப்போதும் நீ. முதுகுக்குப் பின்னால் வரும் பந்தைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளங்காலால் வாங்குவாய். நான் மூட்டை தூக்குகிறவன், என் ஆட்டமும் மூட்டை தூக்குகிற மாதிரிதான். அழகு இருக்காது, கீழே போடமாட்டேன். லைன் கார் என்கிற பயணிகள் வண்டி ஓட்டிய கோ மியோவும் அவர் தம்பிகள் இருவரும் நன்றாகவே ஆடுவார்கள். மிச்சம் இருந்தவன் சாமுவேல். மிஷன் பள்ளியில் படித்தவன், அலுவலகத்தில் குமாஸ்தா, தொப்பை. அவனிடம் போன பந்து திரும்பி வந்துவிட்டால் அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கு டீ அவன் கணக்கு.

அரசாங்கம் தலைநகரை இந்த ஊரிலிருந்து பின்மனாப் பக்கம் கொண்டுபோனதற்கு முந்தைய வருடம் கோ மியோ அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். மாந்தலேயில், மழைக்கால வாசோ மாதத்துப் பகோடாத் திருவிழாவில் ஒரு சாயங்காலம் நம் வட்டத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது, அவருடைய தாய்மாமன் ஏற்பாடு. மேளக்காரர்கள் நம் காலைப் பார்த்து வாசிப்பார்கள். நீ டீக்கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டாய். ஆடத் தொடங்கியதிலிருந்து நீ கேட்டது அது ஒன்றைத்தான்.

அன்றிலிருந்து டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. கோ மியோவின் வண்டியில் போவது. பெகுவில் மீன்குழம்பு ஊற்றிய சேமியா, மோஹிங்கா. தவுங்கூவில் இறங்கி ஆட்டம், இரவு அங்கேயே. மெய்த்திலாவில் ஏரிக்கரையில் இன்னொரு ஆட்டம். வழி நெடுக ஆடிக்கொண்டே போனால் சாமுவேல் தேறிவிடுவான் என்பது உன் கணக்கு.

கோ மியோவுக்கு அது பிடிக்கவில்லை. லத்தாப் பேட்டையில் ஒரு சீனப் பையன் பிரமாதமாக ஆடுகிறான், சாமுவேலுக்குப் பதில் அவனைச் சேர்க்கலாம் என்றார்.

"அப்ப சாமுவேலு?" என்றாய்.

"வண்டில வரட்டும். சோறு ஆக்கட்டும்."

"அவன் ஆக்குற சோத்தத் தின்னா அங்க ஆட ஆளே இருக்காதுய்யா" என்றாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாய்: "ஆறு பேரு கேட்டாங்க. நாம ஆறு பேரு இருக்கோம். அப்புறம் என்ன?"

கோ மியோ பர்மியத்தில் முணுமுணுத்தார், நீ தமிழில் திட்டினாய். வழக்கம்போல இருவருக்கும் புரிந்தது. பையனைப் பற்றிய பேச்சு அதோடு போயிற்று.

சாமுவேல் திட்டத்தைத் தாளில் எழுதப் பார்த்தபோது நீ தடுத்தாய். என்னைக் காட்டி, "இவன் தலைல போட்டு வைங்க. மழைல நனையாது" என்றாய். ஒவ்வொரு சாயங்காலமும் நான் ஒப்பிக்க வேண்டும். யார் முன்னால் உட்காருவது, யாருக்கு வாந்தி வரும், எந்த ஊரில் எந்தக் கடை.

அந்த நாட்களில்தான் ஒருமுறை சொன்னாய்: "பந்து படுறதே தெரியலடா. காத்து வந்து தொட்டுட்டுப் போற மாதிரி இருக்கு."

புதிதாக ஆடுகிறவனுக்குப் பிரம்பு பட்ட இடம் எரியும். வருடக்கணக்கில் ஆடினால் கால் காய்த்து எரிச்சல் குறையும். ஆனால் பந்து படுவதே தெரியாத கால் என்பது பெரிய ஆட்டக்காரர்களைப் பற்றிச் சொல்லக் கேள்விப்பட்டதுதான். அது நம் வட்டத்திலேயே ஒருவனுக்கு வாய்த்துவிட்டது என்று பூரித்துப்போனோம். கோ மியோ எல்லோருக்கும் டீ சொன்னார். அவருடைய தம்பிகளில் ஒருவன் குனிந்து உன் பாதத்தைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டான். நீ வெட்கப்பட்டாய். மாந்தலே மேளக்காரனுக்குக் கை ஓயப்போகிறது என்று நான்தான் சொன்னேன்.

பிறகு ஒருநாள் பந்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. யாரோ வெற்றிலை துப்பியிருக்கிறார்கள் என்று சாமுவேல் லோன்ஜி நுனியால் துடைத்தான். அடுத்த சுற்றில் மறுபடி சிவப்பு. உன்னை உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பினோம். பிரம்புச் சிம்பு ஒன்று உள்ளே போய், சுற்றிலும் கறுத்திருந்தது. எத்தனை நாளாக அதை வைத்துக்கொண்டு ஆடினாயோ.

"வலிக்கலயேடா" என்றாய். அதைப் பெருமையாகச் சொன்னாய்.

சர்க்கரை என்று மருத்துவர் சொன்னார். நரம்பு எப்போதோ செத்துவிட்டதாம். முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள், பிறகு பாதத்தையே. நாங்கள் ஐந்து பேரும் தாழ்வாரத்தில் நின்றோம். மூட்டை என்றால் தோள் கொடுக்கலாம், வண்டி சிக்கினால் தள்ளலாம். அங்கே கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூட யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நீ கேட்ட முதல் கேள்வி, கோ மியோ டயர் மாற்றிவிட்டாரா என்பது. கதவருகே நின்ற உன் மனைவி, அந்தப் பேச்சு வேண்டாம் என்று எங்களுக்குக் கையைக் காட்டினாள். நான்கு நாள் கழித்து அவளே வாசலில் காத்திருந்தாள். "மாந்தலே பத்திப் பேசுங்கண்ணே. அது பேசினாத்தான் ரெண்டு வாய் சாப்பிடுறாரு."

ஆக, பேசினோம். போகப்போவதில்லை என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் கோ மியோ டயரைப் பற்றிச் சொல்வார், தம்பிகள் எந்தச் சட்டை போடுவது என்று அடித்துக்கொள்வார்கள், நான் ஒப்பிப்பேன். உன் காய்ச்சல் ஏறிக்கொண்டே இருந்தது.

கடைசியாக ஒப்பித்த நாளில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். பெகு, தவுங்கூ, மெய்த்திலா எல்லாம் சரி என்று தலையாட்டினாய். மாந்தலே வந்ததும் நிறுத்தினாய்.

"நடுவுல சாமுவேலு நிக்கட்டும்."

சாமுவேல் சமாளிக்கப் பார்த்தான். "நான் நின்னா மேளக்காரன் எழுந்து போயிடுவான்டா!"

"நீ நின்னாத்தான் சுத்தி நிக்கிற அஞ்சு பேரும் முழிச்சிருப்பானுங்க" என்றாய். என் பக்கம் திரும்பி, "மாத்திக்கிட்டியா?" என்று கேட்டாய். மாற்றிக்கொண்டேன் என்றேன். ஐந்தாவது ஆள் யார் என்று நீயும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வாசோ மாதம் பிறப்பதற்குள் நீ போய்விட்டாய். புறப்படுவதாக இருந்த நாளில் கோ மியோ வண்டியைத் தெருமுனைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். யாரும் வரச் சொல்லவில்லை, ஆனாலும் எல்லோரும் வந்திருந்தோம். சாமுவேல் பையோடு வந்திருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. யாராவது முதலில் காலைத் தூக்கி வைத்திருந்தால் ஏறியிருப்போமோ என்னவோ. மழை வலுத்தது. கோ மியோ கையை நீட்டி எஞ்சினை அணைத்தார்.

அதற்குப் பிறகு வட்டம் கூடவில்லை. வண்டியை விற்றுவிட்டு கோ மியோ ஷ்வேப்யிதாவில் தொழிற்சாலைக் காவலுக்குப் போய்விட்டார், தம்பிகளும் அங்கேதான். சாமுவேலுக்கு முட்டி போய்விட்டது. எனக்கு மட்டும் அந்தத் திட்டம் அப்படியே இருக்கிறது. தூக்கம் வராவிட்டால் ஒப்பிப்பேன். பெகுவில் அந்த மூலைக்கடை மோஹிங்கா, தவுங்கூவில் ஆட்டம், மெய்த்திலாவில் காற்று எதிரே அடிக்கும், பந்தைத் தாழ்வாகத் தட்ட வேண்டும்.

நீ எத்தனையோ முறை திட்டத்தை மாற்றினாய். ஒவ்வொன்றையும் மாற்றிக்கொண்டேன், ஒன்றும் தப்பியதில்லை. கடைசியாகச் சொன்னதை மட்டும் மாற்ற முடியவில்லை. மாந்தலே வந்து, மேளம் தொடங்கி, நாங்கள் ஐந்து பேரும் சுற்றி நடக்க ஆரம்பித்ததும், நடுவில் நீதான் நிற்கிறாய். இரண்டு காலோடு நிற்கிறாய். சாமுவேலை அங்கே நிறுத்திப் பார்க்கிறேன், நிற்கமாட்டேன் என்கிறான்.

இதைச் சொன்னதும் சாமுவேல் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டான்.

"அப்படியே எழுதிடவா?" என்று கேட்டான்.

எழுது என்றேன்.