லாரி மேல் கவிழ்த்த படகு

கோட்டைக்குப்பம்,
9-2-2025

அன்புள்ள எப்சிக்கு,

கர்த்தர் உன்னைச் சுகமாய் வைத்திருக்கிறார் என்று நம்பி எழுதுகிறேன். போன் போட்டால் ஒரே மணியில் அறுந்துபோகிறது. நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டதாகப் பூவிழி சொன்னாள். அவள்தான் வாரம் ஒருதரம் இறால் எடுக்க சுண்ணாம்புக்குளம் வருகிறாளே, அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் எழுதினது, அதற்கப்புறம் இன்றைக்குத்தான் உனக்குக் கடிதம் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நம் நிவேதாவை மண்ணில் வைத்துவிட்டு நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. காட்டுப்பள்ளியில் என் வெல்டிங் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. ஒரு சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். நான் ஒரு லாரி வாங்கியிருக்கிறேன்.

கோபப்படாமல் மேலே படி. கும்மிடிப்பூண்டி காயலான் கடையில் முள் முளைத்துக் கிடந்தது. மிலிட்டரி ஏலத்தில் வந்த வண்டி. முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும், மணலில் புதையாது. இரும்பு விலைக்குத்தான் போட்டான். பைக்கை விற்றேன், கையில் இருந்ததைப் போட்டேன். என்ஜின் நல்ல என்ஜின், எப்சி. பின்னால் ஒரு வீடு கட்டப்போகிறேன். படுக்க, சமைக்க, தண்ணீர் வைக்க. வெல்டிங் என் கையில் இருக்கும்போது வேறு யாருக்குக் கூலி கொடுக்க வேண்டும்?

நிவேதாவைத் தூக்கிப்போக வேண்டிய அன்றைக்கு ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். காற்றில் எந்தப் படகும் போகவில்லை. டிராக்டர் வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆனது. இனிமேல் எந்தத் தண்ணீரும் நம்மை ஒரு இடத்தில் கட்டிப்போடக் கூடாது. அதற்காகத்தான்.

பதில் எழுது. இரண்டு வரி போதும்.

உன்,
ராபர்ட்


சுண்ணாம்புக்குளம்,
2-3-2025

நிவேதாவின் அப்பாவுக்கு,

எப்சிபா எழுதுவது. இங்கே அண்ணன், அண்ணி, பிள்ளைகள் சுகம்.

பூவிழி உங்கள் கடிதத்தை இறால் ஷெட்டில் எல்லாரும் பார்க்க நீட்டினாள். என் கைநிறைய இறால் ஓடு. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "இன்னாக்கா, லவ் லெட்டரா?"ன்னு கேட்டாள். இனிமேல் தபாலில் போடுங்கள். போன் வேண்டாம். உங்கள் குரலைக் கேட்கிற பலம் இன்னும் எனக்கு வரவில்லை.

லாரி வாங்கினதைப் படித்தேன். யாருக்கு அது? யார் போய்ப் படுக்க? இருந்த வீட்டிலேயே ஆள் இல்லை.

காலையில் வெறும் வயிற்றோடு வெல்டிங் வைக்காதீர்கள். உங்களுக்குத் தலை சுற்றும்.

எப்சிபா


கோட்டைக்குப்பம்,
18-5-2025

அன்புள்ள எப்சிக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரியைப் பல தடவை படித்தேன். இப்போதெல்லாம் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் கண்ணாடி மாட்டுகிறேன்.

வண்டி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று சொல்கிறேன். சுற்றிலும் இரும்புச் சட்டம் போட்டேன். கூரைக்கு என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருந்தேன். தகரம் போட்டால் வெயிலில் வெந்துபோவோம். அப்போதுதான் பூவிழியின் வீட்டுக்காரன் அங்கமுத்து, "அண்ணா, என் பழைய ஃபைபர் போட்டு அடி ஒடஞ்சி கெடக்குது. கவுத்துப் போட்டுக்கோ"ன்னான். எட்டு ஆள் பிடித்து, படகை லாரி மேல் ஏற்றிக் கவிழ்த்தோம். மூக்கை அறுத்து, நீளத்தைக் குறைத்து, ஓட்டையெல்லாம் ஃபைபர் துணியும் பிசினும் வைத்து அடைத்தேன். உள்பக்கம் தெர்மாகோலும் அதன் மேல் பிளைவுட்டும். நடு மத்தியானத்தில்கூட உள்ளே வெயில் தெரியாது.

என்ஜின் காற்று இழுக்கிற இடத்திலிருந்து ஒரு குழாயைக் கூரை வரை ஏற்றியிருக்கிறேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தாலும் என்ஜின் தண்ணீரைக் குடிக்காது. மணலில் போகும்போது டயர் காற்றைப் பாதி இறக்கிவிட வேண்டும். அப்போது ஒட்டகக் கால் மாதிரி பரந்துகொள்கிறது. கடலோரமாகக் காட்டுப்பள்ளி வரை ஓட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. வண்டி பதிவு செய்கிற ஆபீசில் மட்டும், "இது லாரியா, வூடா, போட்டா? எதுன்னு எழுதறது?"ன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி போக வேண்டும்.

படுக்கை மூன்று போட்டிருக்கிறேன். கீழே நமக்கு இரண்டு. மேலே ஒன்று, ஐந்தடி மூன்று அங்குலம். அளந்து அறுத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. பிரிக்க மனசு வரவில்லை. நீ திட்டுவாய் என்று தெரியும்.

உன்,
ராபர்ட்


சுண்ணாம்புக்குளம்,
6-7-2025

நிவேதாவின் அப்பாவுக்கு,

திட்டவில்லை. படித்துவிட்டு மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். அண்ணி தேடி வந்தார்கள். மேல் படுக்கையைப் பிரித்துவிடுங்கள். நம்மால் அதைப் பார்த்துக்கொண்டு தூங்க முடியாது.

நம்மால் என்று எழுதிவிட்டேன். அந்த வார்த்தையை அடிக்காமல் விடுகிறேன்.

ஏறுவதற்கு எத்தனை படி? என் முட்டி இப்போது சரியில்லை. நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து இறால் உரிக்கிறேன், விரலெல்லாம் வெடித்துவிட்டது. அடுப்பை உள்ளே வைக்காதீர்கள், பின்கதவைத் திறந்து வெளியே வைக்கிற மாதிரி செய்யுங்கள். மூடின இடத்தில் புகை ஆகாது. ஜன்னலுக்கு என்ன அளவு என்று எழுதினால் துணி தைத்து அனுப்புகிறேன்.

அண்ணன் உங்களைப் பற்றிப் பேசினால் நான் எழுந்து போய்விடுகிறேன். ஜெபக் கூட்டத்தில் சகோதரிகள், "பாவம், புருஷன் சரியா இருந்திருந்தா அந்தப் பொண்ணு பொழச்சிருக்கும்"னு சொல்கிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பது சுலபமென்று நினைக்காதீர்கள்.

எப்சிபா


கோட்டைக்குப்பம்,
26-10-2025

என் எப்சிக்கு,

நீ தைத்து அனுப்பின நீலத் துணி ஜன்னலில் ஆடிக்கொண்டிருக்கிறது. மேல் படுக்கையைப் பிரித்துவிட்டேன். படி மூன்றாக்கி, பிடித்து ஏற இரும்புக் கைப்பிடியும் வைத்துவிட்டேன்.

இந்த வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும். புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. வியாழன் காலையில் ரோடு போய்விட்டது. பத்து மணிக்குப் பூவிழி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். அங்கமுத்து வலையை மேட்டில் ஏற்றப் போன இடத்தில் பாம்பு கடித்துவிட்டது. நான் போகும்போதே அவனுக்குக் கண் இமை தொங்கிக்கொண்டிருந்தது. "அண்ணா, ரெண்டு ரெண்டா தெரியுது"ன்னான்.

தூக்கி உள்ளே படுக்கவைத்தோம். பூவிழி பக்கத்தில். ரோட்டை விட்டுவிட்டு மணல் வழியாக இறக்கினேன். முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம் அலை ரோட்டு வரைக்கும் ஏறி வந்துவிட்டது. ஒரு இடத்தில் தண்ணீர் விளக்கை மூடிவிட்டது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. பின்னால் பூவிழி, "தூங்காதே, என்னைப் பாரு"ன்னு கத்திக்கொண்டே வந்தாள். எனக்கு அது வேறு குரலாகக் கேட்டது, எப்சி. ஒன்றரை மணி நேரம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மூச்சு இருந்தது. இன்று கஞ்சி குடித்தான்.

திரும்பி வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஊரில் எல்லாரும் பார்த்தார்கள். இந்த வண்டி அன்றைக்கு இருந்திருந்தால் நம் பிள்ளை இருந்திருப்பாள். இனி எனக்கு இதில் சந்தேகமே இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் பூவரசனின் ஆட்டோ நம் வாசலில் நின்றது. "வயித்துல கேஸ்தான், காலைல பாத்துக்கலாம்"னு திருப்பி அனுப்பினேன். அந்தப் பாவம் என் பாவம். அதை நான் சுமந்துகொள்கிறேன். நீ என்னோடு வந்து இரு, அது போதும்.

மழை விட்டதும் வண்டியிலேயே சுண்ணாம்புக்குளம் வருகிறேன். வேண்டாம் என்றால் எழுது. எழுதாவிட்டால் வருகிறேன்.

உன்,
ராபர்ட்


சுண்ணாம்புக்குளம்,
4-11-2025

நிவேதாவின் அப்பாவுக்கு,

வர வேண்டாம். இதைப் படித்த பிறகும் வர மனசிருந்தால் வாருங்கள்.

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் காலையில், நீங்கள் வேலைக்குப் போன பிறகு, வலிக்குது வலிக்குதுன்னு நிவேதா சுருண்டு படுத்தாள். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்தேன். சூடான காப்பியில் ஊற்றிக் கொடுத்தேன். "வேணாம்மா, கொமட்டுது"ன்னாள். மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தேன். மத்தியானம் வலி அதிகமானபோது இன்னொரு தரம் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். குடல்வால் வெடித்துப்போயிருக்கிறது, பேதிக்கு ஏதாவது கொடுத்தீர்களா, இப்படி வலிக்கும்போது அது கொடுக்கவே கூடாது, அதனாலேயே வெடிக்கும் என்றார்கள். நான் இல்லை என்று சொன்னேன். பிள்ளை உள்ளே கிடக்கிறாள், நான் டாக்டரிடம் பொய் சொன்னேன்.

அப்புறம் எல்லாரும் ரோட்டைச் சொன்னார்கள், ஆட்டோவைச் சொன்னார்கள், உங்களைச் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான். உங்களோடு ஒரே வீட்டில் இருந்தால் சொல்லிவிடுவேன் என்று பயந்துதான் இங்கே வந்தேன். உங்கள் மேல் உள்ள கோபத்தால் இல்லை.

நீங்கள் அங்கமுத்துவைக் கொண்டுபோனதைப் படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே எழுதியிருந்தீர்களே, வண்டி இருந்திருந்தால் என்று. அதைப் படித்த பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை. அந்த வண்டி இருந்திருந்தாலும் அவள் பிழைத்திருப்பாளா, எனக்குத் தெரியாது, என்னங்க. எனக்கு நிஜமாகவே தெரியாது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் இல்லை. உங்களோடு வந்து இருக்க ஆசை இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

எப்சிபா


கோட்டைக்குப்பம்,
19-11-2025

எப்சிபாவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது.

நீ விளக்கெண்ணெய் கொடுத்ததற்காக எனக்குக் கோபம் இல்லை. நம் வீடுகளில் வயிற்று வலிக்கு அதைத்தான் கொடுப்பார்கள். நான் வீட்டில் இருந்திருந்தால் நானே கொடு என்று சொல்லியிருப்பேன். ஆட்டோவைத் திருப்பி அனுப்பினது நான்தான். உன் கடிதத்தால் அது இல்லாமல் போய்விடவில்லை. இந்த இரண்டும் நமக்கு நடந்தது, நாம் தெரியாமல் செய்தது.

ஆனால் அடக்கத்தன்று, குழி இன்னும் மூடாதபோது, உன் அண்ணன் டேவிட் மச்சான் ஊர் முன்னால் என் சட்டையைப் பிடித்துக் கன்னத்தில் அறைந்தார். "எம்மாம் பெரிய மனுசன்டா நீ, பொண்ணைக் கொன்னுட்டு நிக்கிற"ன்னார். நீ என் பக்கத்தில், கை தொடுகிற தூரத்தில் நின்றாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். துக்கத்தால் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் கோயிலில் கடைசி வரிசையில்கூட உட்கார்ந்ததில்லை. வெளியே நின்று கேட்டுவிட்டு வந்தேன். இதெல்லாம் உனக்குத் தெரியும். பூவிழி வாரா வாரம் வந்து சொல்லியிருப்பாள்.

அந்தப் பாவத்தில் பாதி உன்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம். தனியாக விட்டுவிட்டாய். மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. எழுதினால் அது நான் சொல்லும் பொய் ஆகிவிடும். நமக்குள் இன்னொரு பொய் வேண்டாம்.

சூலூர்பேட்டைப் பக்கம் ஷெட் கட்டும் வேலை வந்திருக்கிறது. நாளைக்குக் கிளம்புகிறேன். வண்டியிலேயே தங்கிக்கொள்வேன். நீ அண்ணன் வீட்டில் அண்டிக் கிடக்க வேண்டாம். உன் வீட்டுக்கு வந்துவிடு. சாவி பூவிழியிடம் இருக்கிறது. ஓடு மாற்றிவிட்டேன், ஒழுகாது. உன் புடவைகளை வெயிலில் காயவைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். மோட்டார் சுவிட்சில் ஈரக் கை வைக்காதே, ஷாக் அடிக்கிறது. ஊரில் யாரிடமும் நீ எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நானும் சொல்லமாட்டேன். அவர்கள் நினைத்தபடியே நினைத்துக்கொள்ளட்டும்.

முப்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைக்கு வருஷம் திரும்புகிறது. ஆராதனை முடிந்ததும் நீ கல்லறைக்குப் போய் வா. நான் பொழுது சாய்ந்து வருகிறேன். அந்நேரம் நீ அங்கே இருக்காதே. இருந்தால் நான் அவளைப் பார்க்காமலே திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

ராபர்ட்