இருநூற்றுப் பத்து வோல்ட்

மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். குளியலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. பிளம்பர் நாளை, நாளை என்கிறார். பெண்ணுக்குத் தேர்வு நெருங்கிவிட்டது. படிப்பதைவிட, படிக்க அட்டவணை போடுவதில்தான் அவளுக்கு நேரம் போகிறது. உங்களுக்கு இருமல் நின்றதா? ரொட்டித் தொழிற்சாலை அடுப்புகளுக்கு நடுவே நாள் முழுக்க வெந்துவிட்டு, வெளியே வந்ததும் குளிர்ந்த தண்ணீர் குடிக்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது?

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். நீங்கள் கூப்பிட்டால் பெண் பிடுங்கிக்கொள்கிறாள். எனக்கு மிஞ்சுவது 'சாப்பிட்டியா' மட்டும்தான்.

உங்கள் கடிதம் வந்தது. இரண்டு பக்கத்தில் 'மீட்டர் மேடம்' ஏழு முறை வருகிறார். எண்ணினேன். பரிசோதனைப் பிரிவில் இருக்கிறார், கெட்டிக்காரர், சிரித்த முகம். நீங்கள் அடுப்புச் சுருள்களில் கரண்ட் அளந்து சொன்னால், அங்கேயே உட்கார்ந்து ரெசிஸ்டன்ஸும் பவரும் போட்டுக் கொடுத்துவிடுகிறார். நல்லது. 'ஓம் விதி அவங்க நாக்கு நுனியில இருக்கு' என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அது பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாக்கு நுனியிலும்தான் இருக்கிறது.

எனக்கு ஒன்றும் இல்லை. பதினெட்டு வருஷமாக, எலக்ட்ரீஷியன் வேலை முடிந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்த நீல நோட்டோடு என் பக்கத்தில் உட்கார்வீர்கள். வோல்ட்டைக் கரண்டால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், கரண்டோடு பெருக்கினால் பவர். நான் மூன்று வருஷம் கல்லூரியில் படித்த இயற்பியலுக்கு என் அலுவலகக் கோப்புகளில் இடமில்லை. அந்த நோட்டில்தான் அது உயிரோடு இருந்தது. இப்போது அந்தக் கணக்கை வேறொருவர் போடுகிறார் என்பதைத் தகவலாக மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

நிற்க. 'எவ்வளவு நேர்த்தி பார்' என்று அவர் கைப்பட எழுதிய தாளையும் வைத்திருந்தீர்கள். பார்த்தேன். முத்து முத்தான எழுத்து. ஆனால் கணக்குத் தப்பு. மூன்றாவது சுருள், கரண்ட் 8.4 ஆம்பியர். ரெசிஸ்டன்ஸ் 25 ஓம், பவர் 1764 வாட் என்று போட்டிருக்கிறாள். 230-ஐ 8.4-ஆல் வகுத்துப் பாருங்கள், 27.4 ஓம் வரும். பெருக்கினால் 1932 வாட். மற்ற சுருள்களும் இதே லட்சணம்தான். இதை நம்பிப் புதுச் சுருள் வாங்கினால் அடுப்பு என்னத்துக்கு ஆகும்? மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். அவள் இருக்கும்போதே காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அப்போது அந்தச் சிரித்த முகம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

பெண் எட்டிப் பார்த்து, "லெட்டர் படிக்கிறியாம்மா, பேப்பர் திருத்துறியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கையில் சிவப்புப் பேனா இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி,
பி.எஸ்ஸி. (இயற்பியல்)

மார்ச் 9

அன்புள்ள உங்களுக்கு,

போன கடிதத்தை யாரிடமும் காட்டவில்லையே? காட்டவில்லை என்றால் கிழித்துப் போடுங்கள். காட்டிவிட்டீர்கள் என்றால், மனைவிக்குக் காய்ச்சல், பிதற்றுகிறாள் என்று சொல்லிவிடுங்கள்.

நேற்று அந்தத் தாளை மறுபடி எடுத்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். கடைசி வரியில் எழுதியிருக்கிறார்: 'அளந்தபோது வோல்ட் 210.' அன்றைக்கு என் கண் அந்த எழுத்தின் சுழிப்பைத் தாண்டவே இல்லை. 25-ஐ 8.4-ஆல் பெருக்கியிருந்தாலே 210 என்று தெரிந்திருக்கும். பெருக்கவில்லை. அவர் கணக்கு சரி.

அதற்கப்புறம்தான் உறைத்தது. சாயங்காலங்களில் நீங்கள் வோல்ட் சொல்ல வாயெடுக்கும் முன்பே, "அது இருநூத்தி முப்பதுதானே, கரண்டச் சொல்லுங்க" என்பேன். "நீ சொன்னா சரி" என்பீர்கள். நான் படித்த புத்தகத்தில் 230. நம் தெருவில் விளக்கு வைத்ததும் பல்பு மங்குவதைத் தினமும் பார்த்தும் எனக்கு 230. அப்படியென்றால் பதினெட்டு வருஷமாக நான் போட்டதெல்லாம்? அதை நம்பி நீங்கள் மாற்றிய சுருள்கள்?

பயந்துபோய்ப் பரணிலிருந்த உங்கள் பழைய கருவிப் பெட்டியை இறக்கினேன். ஸ்க்ரூடிரைவர்களுக்கு அடியில் உங்கள் பாக்கெட் நோட்டுகள். ஒவ்வொரு இடத்திலும் வோல்ட்டை அளந்து எழுதியிருக்கிறீர்கள்: 214, 208, 221. பக்கத்திலேயே ஓம், வாட். அந்தக் கோணல் எழுத்தில், புள்ளிக்கு அப்புறம் உள்ள எண் உட்பட, எல்லாம் சரி. நேரம்கூடக் குறித்திருக்கிறீர்கள். பகல் 12.40. பகல் 2.10. என்னிடம் நீல நோட்டோடு வந்து உட்கார்ந்தது சாயங்காலம் ஆறு மணிக்கு.

என் விடை உங்களுக்கு ஒரு நாளும் தேவைப்படவில்லை. முதலில் கோபம் வந்தது. அப்புறம், நான் வகுத்து முடிக்கும்வரை தோளோடு தோள் ஒட்டி, டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் நீங்கள் உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது. சமையலறையில் போய் நின்றுகொண்டேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று பெண்ணுக்குப் புரியவில்லை.

அதோடு நின்றிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். மனசு நிற்கவில்லை. கணக்குத் தெரிந்த மனிதர் தெரியாதவர் மாதிரி ஒரு பெண்ணின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று, நேற்றிலிருந்து எனக்குத் தெரியும். அங்கே நீங்கள் கரண்ட் சொல்கிறீர்கள். அவர் கணக்குப் போடுகிறார்.

நான் எதுவும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். இனிமேல் அளந்ததை அப்படியே, கணக்குப் போடாமல், யாரையும் போடவிடாமல், இங்கே அனுப்புங்கள். என் விடை வந்து சேரப் பத்து நாள் ஆகும். அதற்குள் நீங்கள் சுருளை மாற்றி, அடுப்பில் ரொட்டியும் வெந்திருக்கும். ஆகட்டும். இத்தனை வருஷமும் என் விடை வேலை முடிந்த பிறகுதானே வந்தது.

நீல நோட்டில் இன்னும் பாதிப் பக்கங்கள் எழுதாமல் இருக்கின்றன. சுடுதண்ணீர் குடியுங்கள். நல்லபடியாகத் திரும்பி வாருங்கள். இந்த முறை வோல்ட் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டுதான் வகுப்பேன்.

உங்கள் மனைவி